ரசத்தில் பங்காளி ஆனவர்கள்

கிழக்கத்தியார் என்று தனியாக ஒரு மனித இனம் இருப்பதாகச் சின்ன வயதில் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் குரும்பலூருக்குப் பக்கம். அங்கிருந்து டவுன் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், இன்னொரு பஸ் மாறி அரியலூரையும் தாண்டினால் அவர்கள் இருப்பார்கள். மூன்று வேளையும் நெல்லுச்சோறுதான் தின்பார்கள், அதனால் உடம்பில் வலு கிடையாது. ஒரு மூட்டை கடலையைத் தூக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைப்பார்கள். இத்தனையும் எனக்குச் சொன்னது என் மாமா, அம்மாவின் அண்ணன். மாமா கிழக்கே போனதென்னவோ மாடு வாங்க ஒரே ஒரு தடவைதான். அந்த மாடும் சரியில்லை.

அவர்கள் ஊரில் எங்களுக்கு 'மேட்டுக்காட்டார்' என்று பெயர் இருந்தது பிறகு தெரியவந்தது. சோளக்களி தின்று தின்று நாக்குத் தடித்தவர்கள், விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் என்று எங்களைப் பற்றி அங்கே பேச்சாம். அப்போது இரண்டு பக்கமும் திருச்சி ஜில்லாவில்தான் இருந்தன. ஒரே கலெக்டர், ஒரே ஜில்லா. ஆனாலும் சர்க்காருக்குத் தெரியாத ஒரு கோடு மாமாவுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கீழப்பழுவூருக்கு அருகிலிருந்து, என் சின்ன அத்தைக்கு மாமாவே மாப்பிள்ளை கொண்டுவந்ததுதான் வேடிக்கை.

அத்தை அப்பாவின் தங்கை. வயது வித்தியாசத்தைப் பார்த்தால் அப்பாவின் மூத்த மகள் என்றும் சொல்லலாம். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் படிப்பே அவளுக்கு வினையாகிவிட்டது. 'படிச்ச பொண்ணு கொல்லை வேலைக்கு வளையாது' என்று சுற்றுவட்டாரத்தில் வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போயின. அவள் வயதுப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்தால் அத்தை கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

மாப்பிள்ளை சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். பெண் பார்க்க வந்தபோது எல்லாரும் எதிரே இருக்கவே அத்தையிடம் நேராக, "பள்ளிக்கூடத்துல என்ன பாடம் புடிக்கும்?" என்று கேட்டார். அப்படியொரு கேள்வியை எங்கள் ஊரில் எந்த மாப்பிள்ளையும் எந்தப் பெண்ணிடமும் கேட்டதில்லை. அத்தை குனிந்த தலையோடு "சரித்திரம்" என்றாள். மாமா சத்தமாகச் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அத்தை மாடு கறக்கும்போதுகூட ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிப்பதற்கு ஒரு முறை உண்டு. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சம்மதம் என்றால் இன்னொரு நாள் பெரியவர்களோடு வந்து கை நனைப்பார்கள். சோறு தின்று இலையை மடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு பரிசம்தான். அதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் கேட்டுவிட வேண்டும். அதில் முக்கியமானது குலசாமி. சாதி ஒன்றாக இருக்க வேண்டும், சாமி வேறாக இருக்க வேண்டும். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்தால் அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிவைத்த மாதிரி.

மாமாவும் கேட்கத்தான் செய்தார். "என்ன சாமிங்க?" என்று கேட்டிருக்கிறார். "அய்யனாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஏரிக்கரையில் ஒரு அய்யனார் இருக்கிறார், இதில் மேற்கொண்டு என்ன கேட்பது என்று மாமா விட்டுவிட்டார். போதாததற்கு அவர்கள் கிழக்கத்தியார் வேறு. அவர்களுக்கும் நமக்கும் பாஷையே ஒட்டாது, சாமியா ஒட்டப்போகிறது?

கை நனைக்க வந்த அன்று கூடத்தில் இரண்டு வரிசையாக இலை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் அவர்கள் பக்கம் தலைக்கட்டு. தாட்டியான ஆள், பெரிய மீசை, பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர். சாம்பார் வரைக்கும் கிழக்கு உசத்தியா மேற்கு உசத்தியா என்று அவருக்கும் மாமாவுக்கும் செல்லச் சண்டை நடந்தது. உங்க ஊர்ச் சின்ன வெங்காயம் எங்க ஊர் மண்ணில் வராது என்று அவர் விட்டுக்கொடுத்தார். உங்க ஊர் அரிசி எங்க ஊர்ப் பானையில் வேகாது என்று மாமா விட்டுக்கொடுத்தார். அப்பா சாம்பார் வாளியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த உற்சாகத்தில் பெரியப்பா சாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "எங்க ஊரு ஏரிக்கரையில இருக்கறது சும்மா கல்லுதாங்க. மூலக்கோயிலு மருதையாத்தங்கரையில. அங்கேருந்து யாரோ எப்பவோ பிடிமண்ணு எடுத்தாந்து ஏரிக்கரையில வச்சிருக்காங்க. மாசி பொறந்தா நாங்க வண்டி கட்டிக்கிட்டு மூலக்கோயிலுக்கே போயி பொங்க வச்சிட்டு வருவோம்."

அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. "மருதையாத்தங்கரைன்னா, பாலத்துக்குக் கீழண்டையா?" என்று கேட்டார்.

"அதேதாங்க. ரெண்டு மண்குதிரை நிக்குமே."

"ஒரு குதிரைக்குக் காது இருக்காது" என்றார் அப்பா. குரல் தரையில் கிடந்தது.

"ஆமாங்க! எடி வுழுந்து..." என்று சந்தோஷமாக ஆரம்பித்த பெரியப்பா, பாதியில் நிறுத்தி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

நாங்கள் ஆடியில் போய்ப் பொங்கல் வைக்கிற கோயில் அது. ஒருவர் ஆடியிலும் ஒருவர் மாசியிலும் போனதால் முகம் பார்த்துக்கொள்ளாமலே தலைமுறை தலைமுறையாக ஒரே குதிரைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அம்மா ரசச் சொம்பைப் பிடித்துக்கொண்டு, ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

பெரியப்பாதான் முதலில் தெளிந்தார். எழுந்து போகவில்லை. "ரசத்த ஊத்து தாயி. பங்காளி வூட்டுல சாப்புடறதுக்கென்ன" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அப்ப நீ எனக்கு மவன் மொறை ஆவுற" என்றார். ஒரு கவளம் உள்ளே போனதும் அவருக்குப் பெரிய கவலை ஒன்று வந்துவிட்டது. "ஏம்ப்பா, போன வருசம் எங்க வூட்டுல பெரிய சாவு. நீங்க தீட்டு காக்கல. உங்க வூட்டுச் சாவுக்கு நாங்களும் காக்கல. சாமி எப்படிப் பொறுத்துக்கிச்சு?" என்று கேட்டார். சாம்பாரில் சம்பந்தியாக இருந்தவர் ரசத்தில் பங்காளியாகி, மோர் வருவதற்குள் இரண்டு குடும்பத்துத் தீட்டையும் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நாங்கள் வேறு, நீங்கள் வேறு என்று பந்தயம் கட்டிப் பேசிய மாமாவுக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

மாப்பிள்ளை பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். உள்கதவின் பக்கம் அவர் பார்த்ததையும், பெரியப்பா அதைக் கவனித்து, "டேய், அது உனக்குத் தங்கச்சிடா" என்று அதட்டியதையும் நான் பார்த்தேன். எனக்கு வேறு குழப்பம். மாப்பிள்ளையை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போது சித்தப்பாவாம். புதிதாக ஒரு சித்தப்பா கிடைத்ததில் எனக்கு ஒன்றும் நஷ்டம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை மாட்டுக்கொட்டகையில் சோளத்தட்டை வெட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் மாடுகள் இரண்டு நாளைக்குத் தின்றாலும் தீராத அளவு வெட்டினாள். போதும் என்று சொல்ல அம்மாவுக்கே துணிச்சல் வரவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றதும், "அவரு சிரிக்கல, பாத்தியா?" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அப்பாவுக்குக் கடலைக்கொல்லைக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் அத்தையும் போனோம். கடலை பிடுங்குகிற சமயம். அப்பா வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று நாளாக அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தை எதிரே உட்கார்ந்து கடலைச்செடியிலிருந்து காயை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அண்ணே, அவங்க ஊரு ஏரிக்கரைக்குப் பிடிமண்ணு யாரு கொண்டு போனான்னு தெரியுமா? நம்ம வூட்டுப் பொண்ணுதான். அந்தக் காலத்துல கெழக்க கட்டிக்கொடுத்திருக்காங்க. சாமிய வுட்டுட்டுப் போவ அதுக்கு மனசு வரல. மருதையாத்துல தண்ணி போயிக்கிட்டு இருக்கறப்ப முந்தானையில ஒரு பிடி மண்ண முடிஞ்சிக்கிட்டு ஆத்தத் தாண்டிப் போயிருக்கு. புருசன் வூட்டு ஏரிக்கரையில வச்சிக் கும்புட்டிருக்கு. அப்புறம் அவங்களும் கும்புட ஆரம்பிச்சிட்டாங்க. அப்படிப் பாத்தா அவங்க நமக்குப் பங்காளி இல்ல. நம்ம பொண்ணு வயித்துப் புள்ளைங்க. மாமன் மச்சான் மொறைதான்."

அப்பா சோற்றுக் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"ஆத்தா சொல்லுச்சு" என்றாள் அத்தை. ஆத்தா என்றால் அவர்களுடைய அம்மா, என் அப்பத்தா.

என் அப்பா பொய் சொல்லாதவர். இது மகள் சொல்கிற பெருமை இல்லை, அதனால் நாங்கள் பட்ட தொல்லை கொஞ்சநஞ்சம் அல்ல. வெங்காய மூட்டையில் அடியில் அழுகல் இருப்பதை வியாபாரி கேட்காமலே சொல்லிவிடுவார். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று எங்களை மிரட்டியே வளர்த்தார். அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்து, கையைக் கழுவி, துண்டால் வாயைத் துடைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடலைச்செடி வரிசையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "எங்கிட்டயும் சொல்லியிருக்கு."

அத்தை ஆய்வதை நிறுத்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் காயைத் தரையிலும் செடியைக் கூடையிலுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா தூது போனார். அந்தக் கார்த்திகையிலேயே இரண்டு குடும்பமும் மருதையாற்றங்கரைக் கோயிலில் கூடின. நான், அம்மா, அத்தை எல்லாரும் போனோம். ஆற்றில் கொஞ்சமாகத் தண்ணீர் ஓடியது. காதில்லாத குதிரைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். பூசாரி நடுவில். மாப்பிள்ளை ஒரு ஓரமாகப் பனைமரத்தில் சாய்ந்து நின்றார். இங்கே இல்லை என்று ஆகிவிட்டால் வேறு எங்கும் கல்யாணப் பேச்சு எடுக்க வேண்டாம் என்று அத்தை அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மாவின் கை என் கையை நசுக்கிக்கொண்டிருந்தது.

அப்பா கதையைச் சொன்னார். கோர்வையாகப் பேச வராத மனிதர். குதிரையின் கால்களைப் பார்த்துக்கொண்டே, தரையில் குச்சியால் ஆற்றையும் பாதையையும் கீறிக்கொண்டே, முந்தானையில் முடிந்த மண் வரைக்கும் சொல்லி முடித்தார். "எங்க ஆத்தா சொன்னது" என்று நிறுத்தினார்.

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி குதிரையைப் பார்த்தார். ஆடிக்கு ஒரு கிடாய், மாசிக்கு ஒரு கிடாய் என்று இரண்டு வீட்டையும் வருஷா வருஷம் பார்க்கிறவர், யாரையும் இழக்க அவருக்கு மனசு வருமா? "எங்க அப்பாரும் இந்த மாதிரி ஒண்ணு ஜாடையாச் சொன்ன ஞாபகம்" என்றார்.

பெரியப்பா மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு அசையாமல் இருந்தார். மனிதர் மறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார்.

"அடேய்! எங்க ஊருல வாக்கப்பட்டு வர்ற பொண்ணு மொதல்ல ஏரிக்கரைக்குப் போயி அந்த மண்ணத் தொட்டுக் கும்புட்டுட்டுதான் வாசப்படி ஏறும். ஏன் எதுக்குன்னு யாருக்கும் தெரியாது, பெரியவங்க வச்ச வழக்கம்னு செஞ்சிக்கிட்டு வரோம். மொத மொத வந்த பொண்ணு மண்ணோட வந்திருக்கு, அதான் விசயம்!"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஆளுக்கு ஒரு அத்தாட்சி கொடுத்தார்கள். பிறந்த வீட்டுக்காரர்கள் ஆடியில் வருகிறார்கள், புகுந்த வீட்டுக்காரர்கள் மாசியில் வருகிறார்கள், இதிலிருந்தே தெரியவில்லையா என்றார் ஒருவர். எங்களுக்குப் பொங்கல் வடக்கே பொங்க வேண்டும், உங்களுக்குக் கிழக்கே, அப்புறம் எப்படிப் பங்காளி ஆவோம் என்றார் இன்னொருவர். அரைமணி நேரத்தில் நாங்கள் மறுபடியும் மேற்கத்தியார் ஆனோம், அவர்கள் மறுபடியும் கிழக்கத்தியார் ஆனார்கள். சித்தப்பா பனைமரத்தடியிலேயே மாமாவாக மாறிவிட்டார். பெரியப்பா அப்பாவை மருமவனே என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். தீட்டுக் கவலை தீர்ந்த நிம்மதியும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

என் மாமாவுக்கு அப்போதுதான் நாக்கு அசைந்தது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணும்பாங்க. ஒரு பொய்கூட சொல்லாம நாம பண்ணிட்டோம், பாத்தீங்களா!" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. நான் காலேஜ் படிக்கிறபோது லீவுக்கு அத்தை வீட்டில் இருந்தேன். குலங்களும் ஊர்களும் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ச்சி செய்கிற ஒருவர் டேப் ரிக்கார்டரோடு வந்தார். பெரியப்பாவை உட்காரவைத்துக் கேட்டார். அந்தப் பெண் வந்த அன்று ஆறு இரண்டாகப் பிளந்து வழிவிட்டதாகவும், போகாதே என்று தடுத்த குதிரையின் காதை அவள்தான் உடைத்ததாகவும் அவர் கண்கலங்கச் சொன்னார். எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டதற்கு, "எப்படியும் ஒரு முந்நூறு வருசம்" என்றார். அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். அந்தக் கதை என்னைவிட வயதில் சின்னது என்று அவரிடம் யார் சொல்வது? அத்தை உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள். டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

எனக்கு ஞாபகம் இருப்பது கோயிலிலிருந்து பஸ்ஸில் திரும்பிய அந்தச் சாயங்காலம். நானும் அத்தையும் ஜன்னல் ஓரம், அப்பா எங்களுக்கு முன் சீட்டில். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்திருக்கிறாளே என்று பெருமை தாங்கவில்லை. "அத்தை, அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டேன்.

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. விழித்தாள். "பேரு... பேரு ஆத்தா சொல்லலடி" என்றாள்.

நான் விடவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அப்பாவின் தோளைத் தட்டினேன். "அப்பா, உங்ககிட்டயும் அப்பத்தா சொல்லுச்சுல்ல? அந்தப் பொண்ணு பேரு என்னப்பா?"

அப்பா திரும்பவில்லை. பஸ் இரண்டு ஊரைத் தாண்டியது. மறந்துவிட்டார் என்று நான் உட்காரப்போனபோது, ஒரு பெயரைச் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத பெயர். எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப்பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

அது என் அப்பத்தாவின் பெயர். எங்கள் வீட்டில் செத்துப்போன பெரியவர்களின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அத்தை தன் முதல் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தபோதுதான் அம்மா எனக்கு அதைச் சொன்னாள். அத்தை பால்குடி மறக்கும் முன்பே அப்பத்தா இறந்துபோய், அப்பா தோளில் போட்டு வளர்த்த பிள்ளை அவள் என்பது எனக்கு எப்போதுமே தெரியும். ஆனால் பேச்சு வராத குழந்தைக்கு ஒரு தாய் என்ன கதை சொல்லியிருக்க முடியும் என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அத்தை அழுவதைப் பார்த்து, முந்தானையில் மண்ணோடு தனியாக ஆற்றைத் தாண்டிய அந்தப் பெண்ணுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "அழாதீங்க அத்தை, அது பத்திரமாப் போயி சேந்துடுச்சுல்ல" என்று நான் ஆறுதல் சொன்னேன்.